பறவைமொழி பயின்ற ஹென்றி

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதப் புகுவோர் கொழுந்தையும் கூடையையும் தொழிலாளர்தம் வியர்வையையும் பேசுவர். பேசவேண்டியதே. யான் இன்று பேச விழைவது, இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்து, இந்நாட்டுப் பறவைகளின் குரலுக்குச் செவிகொடுத்த ஒருவரைப் பற்றி. அவர் ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி.

அவர் பிறந்தது 1891ஆம் ஆண்டு. தந்தையார் தோட்டத் துரை. துரைவீட்டுப் பிள்ளையாயினும் பள்ளிக்கூடப் படிப்பு வாய்க்கவில்லை, வீட்டிலேயே கற்றார். 1907இல் முத்துக்குளிப்புக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளரானார். சித்திரம் தீட்டும் கைத்திறன் பின்னர் அவரைக் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே 1913 முதல் 1946 வரை பூச்சியியற் பிரிவிலே பணியாற்றினார். தத்துக்கிளி இனங்களை ஆராய்வது அவர்தம் உத்தியோகம். பறவைகளோ உள்ளத்து விருப்பம். அவர் தீட்டிய பறவை ஓவியங்கள், வெயிட் என்பாரின் விளக்கத்தோடு 1927 முதல் 1935 வரை வெளிவந்தன.

ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றபின், 1955இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். நிறத்தையும் உருவத்தையும் கூறியதோடு நில்லாது, பறவைகளின் குரலையும் அசைகளாக எழுத்தில் வடிக்க முயன்றார். படிப்போர்க்குக் கேட்கவும் கற்பித்த நூல் அது.

அந்நூலைப் புரட்டுந்தோறும் என்னுள் ஒரு வினா எழும். இக்குரலை எழுப்பும் பறவை அதனை எவரிடம் கற்றது? இவ்வினாவுக்கு விடை தேடியவரும் ஹென்றியைப் போலப் பூச்சியியலில் தொடங்கிப் பறவைகளிடம் வந்தவரே. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் தோர்ப், அதே 1950களில், ஒலியைப் படமாக வரையும் கருவியைக் கொண்டு சாபிஞ்சு என்னும் குருவியை ஆராய்ந்தார். மூத்த பறவையின் பாட்டைக் கேளாது தனித்து வளர்ந்த குஞ்சு, வளர்ந்தபின் பாடியது. ஆயினும் அப்பாட்டு எளிமையாய், குறையுடையதாய் இருந்தது.

நம் புலவர்கள் போற்றும் குயிலுக்கு இந்தக் கவலை இல்லை. காக்கைக் கூட்டில் வளர்ந்தும் அது குயிலாகவே கூவுகிறது. அக்கூவல் பிறவிச் சொத்து. குண்டுக்கரிச்சான் முதலிய பாடும் பறவைகளின் நெறி வேறு. அவ்வினத்தில் ஆராயப்பட்ட குஞ்சுகள் முதலில் கேட்கின்றன. கேட்டதை நினைவில் இருத்துகின்றன. பின்னர் மழலையாய்ப் பிதற்றித் திருத்தி, இறுதியிற் பாட்டாக்குகின்றன. தன் குரலைத் தானே கேளாத குஞ்சு இதில் தேறாது என்பதைக் கொனிஷி என்னும் அறிஞர் 1965இல் மெய்ப்பித்தார். 1976இல் நொட்டெபோம் என்பாரும் அவர்தம் துணைவரும் கனேரிப் பறவையின் மூளையில் பாட்டை ஆளும் பகுதிகளை இனங்கண்டனர். அவற்றிலிருந்து புறப்படும் ஆணை, மூச்சுக்குழல் கிளைக்கும் இடத்திலுள்ள குரலுறுப்பை இயக்குகிறது. அவுஸ்திரேலியாவின் வரித் தினைக்குருவி உறங்கும்போது, பாடுங்கால் இயங்கும் அதே நரம்பணுக்கள் அதே ஒழுங்கில் துடிப்பதை 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கற்றதை உறக்கத்திலும் ஓதும் மாணாக்கன் என்று அதனைச் சொல்லலாமன்றோ!

கரிக்குருவிக்கு இறைவனே குருவாய் அமர்ந்து உபதேசித்ததைத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. பறவைக்கும் ஆசான் உண்டு என்னும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று.

ஆசான் மறைந்தால் என்னாகும்? அவுஸ்திரேலியாவில் சில நூறாய்க் குறைந்துவிட்ட தேனுண்ணிப் பறவையொன்றின் ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு, தம் இனப்பாட்டை மறந்து வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடுவதை 2021இல் வெளியான ஆய்வு கண்டது. மூத்த பறவைகள் அருகியமையால் இளையவை கேட்டுக் கற்க வழியற்றுப் போயின.

இச்செய்தி மலைநாட்டாருக்குப் புறம்பானதன்று. கோப்பிக்கும் பின் தேயிலைக்குமாக நம் மலைகளில் அழிந்த காடு கொஞ்சமன்று. அக்காட்டை வெட்டிய கைகளுள் தென்னகத்திலிருந்து கொணரப்பட்ட எம்மவர் கைகளும் உண்டு. அவர்கள் கொண்டுவந்த தாலாட்டும் ஏட்டிலே வரவில்லை. லயக் காம்பராக்களிலே செவிவழியாகவே பேரப்பிள்ளைகளை அடைந்தது. கேட்க ஒரு குழந்தையும் பாட ஒரு கிழவியும் ஓரிடத்தில் இருந்தமையால் அது பிழைத்தது. பறவைக்கும் அவ்வாறே. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் ஓடைக்கரையில் எஞ்சிய சோலை ஒவ்வொன்றும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம்.

ஹென்றி 1983இல் மறைந்தார். அவர்தம் நூல் 1998இல் திருத்தப்பெற்று மூன்றாம் பதிப்புக் கண்டது. பறவையின் குரலை எழுத்தில் ஓரளவு காத்துவைத்தார் அவர். ஆயினும் எந்தக் குஞ்சும் ஏட்டைப் பார்த்துப் பாடக் கற்பதில்லை. அந்தச் சோலைகளைக் காப்பது நம் கடன்.