ஈரோட்டில் பிறந்த ராமானுஜனும் அம்மைத் தழும்பும்: தொற்று வந்த பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்கணும்?

அம்மை போட்ட பிள்ளைக்கு மூணு தண்ணி ஊத்தியாச்சு, இனி ஸ்கூலுக்கு அனுப்பலாமா? கோவை, ஈரோடு பக்கம் கோடை நெருங்கினால் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தொற்றுக்காக ஒதுங்கியிருப்பது எப்போது பலன் தரும், எப்போது தராது என்பதற்கு இந்த மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே சாட்சி. அவர் கணித மேதை ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல், அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். ஒரு வயது வாக்கில் கும்பகோணம் போனார். 2 வயது நிறையும் சமயம், 1889 டிசம்பரில், பெரியம்மை கண்டது. அந்தக் காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் அம்மைக்கு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ராமானுஜன் பிழைத்தார், முகத்தில் தழும்பு தங்கிவிட்டது. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதைக்கூட எட்டவில்லை.

பெரியம்மைக்கு அன்று மருந்து கிடையாது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். பக்தியில் வந்த பழக்கம்தான், ஆனால் பரவலைக் குறைக்கும் வேலையையும் செய்தது. கடைசிப் பொருக்கு உதிரும்வரை, அதாவது மூன்று நான்கு வாரம், பெரியம்மை ஒட்டும்.

அந்த நோய் 1980-க்குள் உலகை விட்டே போய்விட்டது. இப்போது நாம் அம்மை என்று சொல்வது வேறு வேறு நோய்களை. சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் 5 முதல் 7 நாள், பள்ளி கூடாது. தட்டம்மை என்றால் தடிப்பு தெரிந்த நாளிலிருந்து 4 நாள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி 5 நாள். தண்ணி ஊத்துறது அவரவர் நம்பிக்கை. ஆனால் சின்னம்மையில் பார்க்க வேண்டியது கொப்புளம் காய்ந்துவிட்டதா என்பதைத்தான். சாதாரணக் காய்ச்சலில், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகியிருக்கணும்.

1892 அக்டோபர் 1-ல் காஞ்சிபுரத்தில் பையனைப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு கொஞ்ச காலம் சென்னையில் படித்தபோது பள்ளியே பிடிக்கவில்லை. தவறாமல் அனுப்ப, உள்ளூர் கான்ஸ்டபிளின் உதவியைக் கேட்கிற அளவுக்குப் போனது குடும்பம்! அதே பையன்தான் 1897-ல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான்.

1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1917-ல் படுத்துவிட்டார். காசநோய் என்று வைத்தியம் நடந்தது. அந்நாளில் அதற்கும் மருந்து இல்லை. ஊரை விட்டுத் தள்ளியிருந்த சானடோரியங்களில், அந்த ஊர்க் குளிரிலும் காற்றோட்டமாகப் படுக்க வைப்பதுதான் சிகிச்சை. சைவச் சாப்பாட்டுக்கே திண்டாடியவருக்கு அது இன்னொரு தண்டனை.

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். சென்னை வெயில் ஆகாது என்று, சில மாதம் பிறந்த மாவட்டத்திலேயே, காவிரிக்கரைக் கொடுமுடியில் தங்கினார். பிறகு கும்பகோணம், கடைசியாகச் சென்னை சேத்துப்பட்டு. 1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயது 32. இறுதிச் சடங்குக்குப் பல உறவினர்கள் வரவில்லை. காரணம் நோய் பயம் இல்லை, அவர் கடல் தாண்டியவர் என்பது!

வந்தது காசநோய்தானா? பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1994-ல் எழுதினார். இங்கிலாந்து போகும் முன்பே ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருந்தது. யங் சொன்னது சரியென்றால், அது இருமலில் பரவும் நோயே அல்ல. அன்றைக்கே மருந்தும் இருந்தது. அவ்வளவு தனிமையும் வீண்.

இன்று காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் வாக்கில், பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்று பரவுவது நின்றுவிடும். டாக்டர் சொன்னதும் பள்ளிக்குப் போகலாம். மாத்திரையை மட்டும் பாதியில் விடக் கூடாது.

கடைசி நாள்வரை கூடவே இருந்து கவனித்தவர் மனைவி ஜானகி. அவர் 90 வயதைத் தாண்டி வாழ்ந்து, யங்கின் கட்டுரை வெளியான அதே 1994-ல் சென்னையில் காலமானார்.