புரதத்துக்கு வரைபடம் கீறிய ஜி. என். இராமச்சந்திரன்

இறம்பொடையிலிருந்து விஞ்ஞானம் படிக்கச் சென்ற எமது சகோதரிகள் பலருக்கு, புரத ஆராய்ச்சியின் பெரும் சாதனையொன்று பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையிலேயே நிகழ்ந்தது என்பது பிந்தியே தெரியவந்தது. இன்று படிக்கும் தங்கைமாருக்கு அது முந்தியே தெரியட்டும் என்று இம்மலரில் அவர் வரலாற்றைச் சேர்க்கின்றோம்.

இராமச்சந்திரன் 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சியில் பௌதிகவியல் கற்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பழகி, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் துறைத் தலைவரானார்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது புதிராயிருந்தது. அங்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி அதை எடுத்துச் சொன்னார். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் படம்பிடித்து ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என 1954இல் அறிவித்தனர். நாம் பள்ளிக்குப் போட்டுச் சென்ற மூன்றுகால் பின்னலை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் இருப்பதாலேயே இழைகள் நெருங்கமுடிகிறது.

டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் ரிச்சும் இதை மறுத்தெழுதினர். மூவிழை சரிதான், ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்றனர். வாதாடியே காலங்கழித்திருக்கலாம். அவரோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, ஏற்கெனவே அளந்து வெளியிடப்பட்டிருந்த பளிங்கு அமைப்புகளையெல்லாம் தேடிப் பார்த்தார். பின் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரு திருகு கோணங்களை ஒரு சதுரத்தில் குறித்தார். அணுக்கள் மோதாத இடம் அச்சதுரத்தில் சிறு பகுதியே. 1963இல் வெளிவந்த அந்த ‘இராமச்சந்திரன் வரைபு’ கொண்டுதான், புதிதாகக் காணப்படும் புரத அமைப்பு எந்த நாட்டிலும் இன்றும் சரிபார்க்கப்படுகிறது. விமர்சனமே வித்தாயிற்று என்போம்.

1971இல் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் பதிவுகளிலிருந்து உள்ளுருவத்தை மீட்கும் கணிதமுறையையும் தந்தார், சீ.ரி. ஸ்கானுக்கு உதவியது அது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைத்தார். 1977இல் லண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. நோபல் பரிசு கிட்டவில்லை.

இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் வருந்தினார். துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். மூன்றாண்டுகளின் பின், 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் அவரும் காலமானார்.