சுவாமியைப் படைத்தவர்

ஆர். கே. நாராயண் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தை கிருஷ்ணசாமி ஐயர் மைசூரில் தலைமையாசிரியர். பின்னர் அப்பள்ளியிலேயே நாராயணும் பயின்றார். ஆயினும், பள்ளி வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பாடத்தில் தோல்வியுற்றார். அந்த ஆங்கிலத்திலேயே எழுதி, பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

1930ஆம் ஆண்டு பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு விஜயதசமி நாளில் தம் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். ஒரு சிறிய இரயில் நிலையம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. அதைச் சுற்றி மால்குடி என்னும் கற்பனை ஊர் உருவானது. பாலிக் புலாவைப் போன்ற ஒரு சிற்றூரை அறிந்த மாணவருக்கு மால்குடி அந்நியமாகத் தோன்றாது.

'சுவாமியும் நண்பர்களும்' என்ற அந்நாவலின் நாயகன் பத்து வயதுச் சுவாமிநாதன். அவன் இயல்பில் முரடன் அல்லன். அச்சமே அவனை ஆட்டிவைக்கிறது. ஊரில் நடந்த மறியலில் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளியின் சன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். மறுநாள் தலைமையாசிரியர் காரணம் கேட்கும்போது அவனுக்கு நா எழவில்லை. பிரம்படி விழுகிறது. அவமானம் தாங்காமல் பிரம்பைப் பிடுங்கி உடைத்துவிட்டு ஓடுகிறான். அடுத்த பள்ளியிலும் அதே நிலை. கிரிக்கெட் பயிற்சிக்காக உடற்பயிற்சி வகுப்பைத் தவிர்த்தவன், தண்டனைக்குப் பயந்து பிரம்பைச் சன்னல் வழியே வீசிவிட்டு வெளியேறுகிறான். இம்முறை தந்தையின் முகத்தில் விழிக்கவும் துணிவில்லை. ஊரைவிட்டே ஓடுகிறான். இருண்ட காட்டுச் சாலையில் ஒவ்வொரு நிழலும் அவனைக் கொல்லவரும் விலங்காகத் தெரிகிறது. மயங்கி விழுந்தவனை ஒரு வண்டிக்காரர் காப்பாற்றுகிறார். ஆனால், அவன் ஆவலோடு காத்திருந்த கிரிக்கெட் ஆட்டம் கைநழுவிப் போகிறது. உயிர் நண்பன் இராஜமின் நட்பும் முறிகிறது.

இந்நாவலைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. மனம் சோர்ந்த நாராயண், கையெழுத்துப் பிரதியைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பரோ அதனை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் காட்டினார். கிரீனின் பரிந்துரையால் 1935ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. பின்னர், 'வழிகாட்டி' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நாவலுக்காக 1960ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதையும் நாராயண் பெற்றார்.

முதுமையிலும் அவர் பள்ளிப் பிள்ளைகளை மறக்கவில்லை. 1986ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்ற மேலவையின் நியமன உறுப்பினரானார். அங்கு ஆற்றிய முதல் உரையில், புத்தகச் சுமையால் முதுகு வளைந்து, விளையாட நேரமின்றித் தவிக்கும் குழந்தைகளுக்காகவே குரல் கொடுத்தார்.

2001ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நாராயண் மறைந்தார். தண்டனைக்குப் பயந்த பிள்ளை திருந்துவதைவிட ஒளிந்துகொள்ளவே முதலில் கற்கிறான் என்பதைச் சுவாமியின் கதை இன்றும் உணர்த்துகிறது. தவற்றை அச்சமின்றிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், சுவாமி அந்தக் காட்டுக்குப் போயிருக்கமாட்டான்.