மருந்துக்கு வழக்காடிய மர்ஹூம் டாக்டர் ஹமீது

ஸ்ரீ கெம்பாங்கானில் மருந்துக் கடைக்குச் செல்லும் நம்மவர்கள், ஒரே மருந்து ஒரு கம்பெனியின் பெயரில் அதிக விலைக்கும், மற்றொன்றின் பெயரில் குறைந்த விலைக்கும் விற்கப்படுவதைக் கண்டிருப்பர். குறைந்த விலை மருந்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய முஸ்லிம் பெருமகனார் ஒருவரை நம்முள் பலர் அறியார்.

டாக்டர் குவாஜா அப்துல் ஹமீது 1898-ல் அலிகரில் பிறந்தார். ஜாமியா மில்லியாவில் பணிபுரிந்த பின் ஜெர்மனி சென்று, 1927-ல் பெர்லின் சர்வகலாசாலையில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அறிமுகமான லித்துவேனிய நாட்டு யூதப் பெண்மணி லூபாவே பின்னர் அவர்தம் துணைவியாரானார்.

1935-ல் பம்பாயில் சிப்லா என்னும் மருந்து ஸ்தாபனத்தைத் துவக்கினார். 1939-ல் காந்தியடிகள் அதனைப் பார்வையிட்டார். யுத்தம் மூண்டு ஐரோப்பிய மருந்துகளின் வரத்து தடைப்பட்டபோது, உள்நாட்டிலேயே மருந்து செய்வதன் அவசியம் அனைவருக்கும் விளங்கிற்று.

ஆயினும் சட்டம் குறுக்கே நின்றது. 1911-ம் ஆண்டுப் பேடண்ட் சட்டப்படி, ஒரு மருந்துக்கு ஒருவர் உரிமை பெற்றுவிட்டால், வேறு வழியில் கூட அதனை மற்றவர் செய்யலாகாது. உரிமை பெற்றவர்களோ பெரும்பாலும் அந்நியக் கம்பெனிகள். அவர்கள் தாமும் அங்கே மருந்து செய்யார், பிறரையும் செய்யவிடார்! புதுமருந்து கண்டுபிடிக்கப் பெரும் பொருள் செலவாகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாங்க முடியாத ஏழைக்கு அம்மருந்தால் என்ன பயன்? இந்நிலை மாறவேண்டுமென ஹமீது அவர்கள் இடையறாது வற்புறுத்தினார். நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையும் மாற்றத்துக்கு வழிகோலிற்று. 1970-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. வேறு முறை கண்டவர் அதே மருந்தைச் செய்யலாம். இச்சட்டம் 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஜூன் மாதம் ஹமீது அவர்கள் வபாத்தானார்.

இந்தியா 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு இணங்கி இச்சலுகையைக் கைவிட்டது. அதற்குள் அந்நாட்டு மருந்துத் தொழில் வேரூன்றிவிட்டது. 2001-ல், ஹமீதின் புதல்வர் யூசுப் ஹமீது, எய்ட்ஸ் மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். அப்போது மேல்நாடுகளில் அதன் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல்.

நம் மலேசிய அரசாங்கமும் 2003-ல், பேடண்ட் உரிமையாளர்களின் சம்மதமின்றியே, சிப்லாவின் எய்ட்ஸ் மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென இரண்டாண்டு காலம் இறக்குமதி செய்ய அனுமதி வழங்கிற்று.