டாக்டர் ரஃபியுத்தீன் அகமதுவும் உங்கள் பல் பரிசோதனையும்

அரசு மருத்துவமனையில் நீங்கள் எப்போதேனும் பல் பிடுங்கிக்கொண்டிருந்தால், இரத்தம் நிற்பதற்காகக் கடித்துக்கொள்ளும்படி ஒரு மடிப்புக் காஸ் துணியைத் தந்திருப்பார்கள். அவ்வகை மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. துணி இங்கே பிறக்கிறது. இப்பகுதி மக்களில் பலர் பல் மருத்துவப் பிரிவுக்கு முதன்முறையாக வருவதும் அந்தத் துணி தேவைப்படும் கட்டத்தில்தான். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வலி இல்லாத நாளில் வந்து வாயைத் திறந்து காட்டுபவர் அரிது.

வலி வருவதற்கு முன் பற்களைப் பார்த்துச் சுத்தம் செய்வது இன்று எளிதாகக் கிடைக்கும் சேவை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், அதை முறையாகக் கற்பிக்க நம் நாட்டில் கல்லூரி இல்லை. அக்குறையைப் போக்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 24, இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அகமது 1890ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில், டாக்கா பகுதியைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அலிகாரில் பயின்றபின் அமெரிக்கா சென்று, 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் பாஸ்டன் நகரிலிருந்த ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அவருடைய வாழ்வில் நீங்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது என்று நான் கருதுகிறேன். வசதியற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்காக அமைந்த மருத்துவமனை அது. பல் சுத்தம் செய்வதையும் வாய்ச் சுகாதாரம் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட பல் சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் 1916இல் அங்கே தொடங்கப்பட்டது. பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் மட்டுமே பல் மருத்துவம் என்ற எண்ணம் மாறிக்கொண்டிருந்த இடத்தில் அவர் சில ஆண்டுகள் இருந்தார்.

1919இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டே கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பணம் வந்த வழி உங்களைப் புன்னகைக்க வைக்கலாம். நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் அவர் ஒரு கடை நடத்தினார். இனிப்புப் பானங்களும் ஐஸ்கிரீமும் விற்ற வருவாய் கல்லூரிக்குச் சென்றது. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனிப்பின் அளவைவிட, அதை ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதே பற்களுக்கு முதன்மையானது. பால்கோவாவை நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சுவைப்பதைக் காட்டிலும் உணவோடு ஒருமுறை உண்டு வாய் கொப்பளிப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கல்லூரியின் தொடக்கம் எளிதாக இல்லை. முதல் மூன்று ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் 11 பேர் மட்டுமே. அகமது தளரவில்லை. 1925இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கிப் பல ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டில் அவர் நிறுவிய வங்காளப் பல் மருத்துவச் சங்கமே பின்னர் நாடு தழுவிய சங்கமாக வளர்ந்தது. 1928இல் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினார்.

அந்நாளில் பயிற்சியற்ற எவரும் பல் வைத்தியர் என்று பலகை மாட்ட முடிந்தது. இதை ஒழுங்குபடுத்த முன்னின்றவர்களில் அகமது முக்கியமானவர். 1939இல் வங்காளத்தில் ஒரு சட்டம் வந்தது. 1948இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. பல் மருத்துவர்களோடு, பல் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இச்சட்டம் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தியது. ஆகவே, சந்தையிலோ பேருந்து நிலையத்தின் அருகிலோ அமிலம் தடவிப் பல்லை வெண்மையாக்கித் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் பதிவு பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமிலம் காரையோடு பல்லின் மேற்பூச்சான எனாமலையும் கரைத்துவிடும். கரைந்த எனாமல் மீண்டும் வளராது.

முறையான சுத்தம் செய்தல் வேறு வகையானது. துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் அடங்கிய மெல்லிய படலம் படியத் தொடங்குகிறது. தூரிகை எட்டாத இடங்களில் அது நாளடைவில் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிறது. இறுகிய காரையை எந்தப் பற்பசையாலும் வேப்பங்குச்சியாலும் அகற்ற இயலாது. மருத்துவர் அதிர்வுக் கருவியால், நீர் தெளித்தவாறு, அதைப் பெயர்த்தெடுக்கிறார்.

காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று என்னிடம் சொல்லாத நோயாளிகள் குறைவு. அச்சத்துக்கு ஒரு காரணம் இருப்பதால் அதை நான் எள்ளி நகையாடுவதில்லை. ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கிப்போன வாயில், காரையே பற்களைச் சேர்த்துப் பிடித்த பூச்சுபோல நிற்கும். அதை நீக்கியதும் மறைந்திருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிப்படுகின்றன. பல்லைத் தளர்த்தியது சுத்தம் செய்த கருவியன்று. பல ஆண்டுகளாக அங்கே தங்கிய காரையும் அதன் கிருமிகளுமே. சில நாட்கள் பல் கூசலாம், ஈற்றில் சிறிது இரத்தம் வரலாம். பெரும்பாலோருக்கு அவை தாமே அடங்கும். இதே கூச்சத்துக்கு அஞ்சி மேலும் ஐந்தாண்டு காத்திருந்தவர்கள், ஆடுகிற பல்லைக் கையில் பிடித்தபடி வருவதைக் கண்டிருக்கிறேன். அப்போது எங்களால் பெரும்பாலும் பிடுங்கத்தான் முடிகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஈறும் பல்லும் நலமாக உள்ள ஒருவருக்கு மருத்துவர் ஓராண்டு இடைவெளி சொல்லலாம். சர்க்கரை நோயாளிகளும், புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்களும், முன்பே ஈறு நோய் கண்டவர்களும் மூன்று அல்லது நான்கு மாதங்களில் வர நேரலாம். கட்டுப்படாத சர்க்கரை ஈற்றைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாமல் செய்கிறது. கர்ப்பிணிகளும் பல்லைக் காட்டிக்கொள்ளலாம். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம். பரிசோதனையின்போது மருத்துவர் நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்ப்பார். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு போன்ற வாய்ப்புற்றுநோயின் தொடக்க அறிகுறிகள் வலியில்லாமலும் இருக்கக்கூடும்.

1949இல் அகமது தம் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு முதல் 1962 வரை அம்மாநில அமைச்சரவையில் பணியாற்றினார். 1964இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1965 பிப்ரவரியில் மறைந்தார். கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மாநிலத்தில் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது.

நூற்பாலையில் பணிமுறை மாற்றித் தர மாட்டார்கள் என்று தள்ளிப்போடுபவர் நீங்களானால், இரவுப் பணி முடிந்த ஒரு காலையில், வீட்டுக்குச் செல்லும் வழியில் புறநோயாளிச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். வரும்போது சர்க்கரை நோய்க் குறிப்பேட்டையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் தாமாக அதை நிறுத்த வேண்டாம். பல் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள்.