பல்லாவரத்தில் சிறகு விரித்தவர்

தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் நமக்கு அண்டை அயல். விமான ஓசை நமக்குப் புதிதன்று. ஆயினும் நம் பகுதியில் முதன்முதலில் வானேறியவர் யார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் போர்வீரர் அல்லர். பொறியியல் படித்தவரும் அல்லர். இனிப்புப் பண்டங்கள் செய்வதில் கைதேர்ந்த ஓர் ஓட்டல்காரர்! ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பது அவர் பெயர்.

கார்சிகா தீவைச் சேர்ந்த அவர், பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். உழைப்பால் உயர்ந்து, மவுண்ட் ரோடில் தம் பெயரிலேயே ஓட்டல் நடத்தினார். அந்நாளில் அது புகழ் பெற்ற விடுதி.

1909 ஜூலை 25-இல் பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ, 25 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைப் பூட்டிய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அச்செய்தி டி ஏஞ்சலிஸின் உள்ளத்தில் ஆசைக் கனலை மூட்டியது. விமானம் வாங்க அவர் கப்பலை எதிர்பார்த்திருக்கவில்லை. தாமே படம் வரைந்தார். கோச்சு வண்டிகள் கட்டிப் பெயர் பெற்ற சிம்ப்சன் கம்பெனியார் அதைச் செய்து கொடுத்தனர். சிறிய எஞ்சின் ஒன்று அதில் பொருத்தப்பட்டது.

சிறிய எஞ்சின் எப்படி ஒரு மனிதரைத் தூக்கும்? இங்குதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. விமானத்தின் எடை கூடினால் இறக்கைகள் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதனால் காற்றின் எதிர்ப்பும் கூடும். எதிர்ப்பை வெல்ல எஞ்சின் அதிகம் உழைக்கும். பெட்ரோலும் அதிகம் செலவாகும். வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் இதே கதைதான். எடை குறைந்தால் சிறிய எஞ்சினே போதும்.

1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அந்த விமானம் தரையை விட்டு எழுந்தது. பின்னர் கட்டணம் செலுத்தி வந்த மக்கள் முன்னிலையிலும் அவர் பறந்து காட்டினார். கூட்டத்திலிருந்த ஒரு சிறுவனையும் ஏற்றிச் சென்றார் என்பர். அலகாபாத்தில் விமானம் பறந்தது அவ்வாண்டு டிசம்பரில்தான். ஆனாலும் இந்திய விமான வரலாற்றைச் சொல்வோர் பலர் அலகாபாத்திலிருந்தே தொடங்குகின்றனர். நம் பல்லாவரம் மறக்கப்பட்டுவிடுகிறது.

அவர் கைக்கொண்ட சிக்கனம் மட்டும் மறையவில்லை. வீட்டிலேயே கட்டக்கூடிய சிறு விமானங்களை வடிவமைத்த அமெரிக்கரான பர்ட் ரூட்டன், 'வாயேஜர்' என்னும் இலேசான விமானத்தை உருவாக்கினார். தன் வெற்று எடையைப் போல் மூன்று மடங்கு எரிபொருளை அது சுமந்தது. 1986 டிசம்பரில், நடுவில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல், 9 நாட்களில் உலகையே சுற்றி வந்தது. அதை ஓட்டிய இருவருள் ஒருவர் ஜீனா யேகர் என்னும் பெண்மணி என்பது நமக்குப் பெருமை.

பலகாரம் செய்த கை விமானமும் செய்தது. படிப்பும் பதவியும் வந்த பின்னரே முயல்வோம் என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வேண்டாத சுமையைக் குறைத்தால், உள்ள சிறு ஆற்றலும் நம்மை உயர்த்தும். டி ஏஞ்சலிஸின் வாழ்வு நமக்குச் சொல்வது இதுவே.