இரண்டு குண்டுவீச்சு விமானங்களைக் கேட்டவர்
ராவுல் ஃபொலெரோவின் வாழ்க்கை

தை மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினம். இந்தியாவில் இது காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30ம் திகதி அனுசரிக்கப்படுகிறது. இந்தத் தினத்தை 1954ம் ஆண்டில் ஏற்படுத்தியவர் குருவானவர் அல்லர், வைத்தியரும் அல்லர். மணம் முடித்து, பிள்ளைப்பேறு இன்றி, நாவன்மையையும் பேனாவையும் தவிர வேறு முதல் எதுவுமின்றி வாழ்ந்த ஒரு பிரெஞ்சுப் பொதுநிலையினரே அவர். பெயர் ராவுல் ஃபொலெரோ. அதே ஆண்டில் அவர் வேறொரு காரியமும் செய்தார். உலகின் இரு பெரும் வல்லரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதி, ஆளுக்கொரு குண்டுவீச்சு விமானம் தரும்படி கேட்டார்.

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியிலுள்ள நெவேர் நகரிலே 1903ம் ஆண்டு ஆகஸ்ட் 17ம் திகதி ஃபொலெரோ பிறந்தார். லூர்து அன்னையின் காட்சி பெற்ற அர்ச். பெர்நதெத்தம்மாள் கன்னியாக வாழ்ந்து மரித்த நகர் அது. 1914ல் முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர் ஏறக்குறைய பதினொரு வயதுச் சிறுவன். தந்தை போர்முனைக்குப் போனார்; திரும்பி வரவில்லை. பதினைந்து வயதிலேயே மேடையேறி, இறைவன் அன்பாயிருக்கிறார் என்ற பொருளில் முதற் சொற்பொழிவை ஆற்றினார். பாரிஸ் சென்று தத்துவமும் சட்டமும் படித்தார். 1925ல் தம் இளமைத் தோழியான மதலேனை மணந்தார். அதன்பின் அவர் போன இடமெங்கும் அந்த அம்மையாரும் கூடவே போனார். கணவனுடைய வரலாற்றை எழுதியோர் பலர் மனைவியை ஓரிரு வரியில் முடித்துவிட்டது சரியன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இளமையில் ஃபொலெரோ பத்திரிகையாளராயும் கவிஞராயும் இருந்த நாட்களில் அவருடைய அரசியல், பிற்காலத்தில் நாம் அறிந்த மனிதரோடு எளிதில் பொருந்துவதாயில்லை. இலத்தீன் நாடுகளின் பெருமையைப் பேசும் சங்கமொன்றை 1927ல் நிறுவினார். முசோலினியின் இத்தாலியை மெச்சிய பிரெஞ்சுக் கத்தோலிக்கருள் அவரும் ஒருவர். ஆனால் ஹிட்லரை ஆரம்பத்திலிருந்தே வன்மையாக எதிர்த்தார். நல்ல மனிதர்கள் பிறக்கும்போதே முழுமையாகப் பிறந்துவிடுவதில்லை.

அவரை மாற்றியது 1936ம் ஆண்டின் ஒரு பயணம். சஹாராப் பாலைவனத்தில் துவாரெக் மக்கள் நடுவே தனித்து வாழ்ந்து, 1916ல் அங்கேயே கொல்லப்பட்ட துறவி சார்ள்ஸ் தெ ஃபூக்கோவின் அடிச்சுவடுகளைத் தேடி எழுதும்படி ஆர்ஜென்டீனா நாட்டுப் பத்திரிகையொன்று அவரை அனுப்பியிருந்தது. (ஃபூக்கோ அடிகளார் 2022ம் ஆண்டு மே மாதம் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார்.) வழியில் மோட்டார் வண்டியின் இயந்திரம் சூடேறிவிட, தண்ணீர் ஊற்றுவதற்காக நிறுத்தினார்கள். அப்போது புதர்களுக்குள்ளிருந்து மெலிந்து அஞ்சிய முகங்கள் எட்டிப் பார்த்தன. அவர் அருகே வரும்படி அழைத்தார். சிலர் ஓடினர், சிலர் அசையாமல் நின்றனர். யார் இவர்கள் என்று வழிகாட்டியைக் கேட்டார். தொழுநோயாளர் என்றான். ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். தொழுநோயாளர் என்பதனால்தான் என்றான். அதற்குமேல் விளக்கம் தேவை என்று அவனுக்குத் தோன்றவில்லை. வண்டி குளிர்ந்தது, புறப்பட்டார்கள். ஆனால் அந்தப் பதிலை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றியபின், 1942ல் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள வெனிசியூ என்ற இடத்தில் அப்போஸ்தலர்களின் அன்னை சபைக் கன்னியரின் மடத்தில் அவர் அடைக்கலம் புகுந்தார். அச்சபையின் அதிபதியான எயுஜெனியா அம்மையார் ஆபிரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். ஐவரி கோஸ்ட் நாட்டில், அபிஜான் நகர்க் கடலேரியிலுள்ள தீவொன்றில் தொழுநோயாளர் கைவிடப்பட்டுக் கிடப்பதை அவர் கண்டிருந்தார். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உலகத்தின் எந்தப் பக்கத்திலும் மனிதர் இந்த நோய்க்குக் கண்டுபிடித்த முதல் மருந்து, சுற்றிவரத் தண்ணீர்.

காட்டின் நடுவே, மதிலும் வேலியுமில்லாத, வீடும் வேலைத்தளமும் தோட்டமும் உள்ள ஒரு ஊரை அவர்களுக்காக அமைக்க வேண்டும் என்பது அம்மையாரின் கனவு. பணம் இல்லை. கட்டிடத்தை நீங்கள் பாருங்கள், பணத்தை நான் பார்க்கிறேன் என்ற கருத்தில் ஃபொலெரோ வாக்குக் கொடுத்தார். 1943ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆன்சி என்ற நகரில் முதற் கூட்டம். அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1,200 கூட்டங்களில் பேசினார். பருத்த உடல், கழுத்தில் பெரிய முடிச்சிட்ட பட்டி, கையில் ஊன்றுகோல். இதுதான் அவர் தோற்றம். பிரான்சிலே உணவு பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த காலம் அது. அந்த மக்களே கொடுத்தார்கள். அட்சோபே என்ற இடத்தில் அந்த ஊர் எழுந்தது.

கூட்டங்களுக்காக ஊரூராகத் திரிந்த அந்தப் போர்க்காலத்திலேயே அவருடைய மனதில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. ஊர் ஊராக ஏந்திச் சேர்த்த பணம் எவ்வளவு? போருக்கு ஒரே நாளில் எரிக்கப்படும் பணம் எவ்வளவு? 1944ம் ஆண்டு செப்டெம்பர் 1ம் திகதி அமெரிக்க ஜனாதிபதி றூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். போர் எப்படியும் ஒரு நாள் முடியும். அது இன்னும் ஒரே ஒரு நாள் நீடித்ததாகப் பாவனை செய்துகொண்டு, அந்த நாளுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவைப் போரிட்ட நாடுகள் யாவும் ஒரு பொது நிதிக்குத் தரட்டும். அழிந்தவற்றைக் கட்டுவதற்கும் ஏழைகளின் துயர் துடைப்பதற்கும் அது உதவட்டும் என்பதே கோரிக்கை. போர் முடிந்தது. ஒரு நாள் செலவை யாரும் தரவில்லை.

இதற்கிடையில் வைத்திய உலகில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அர்ச். வின்சன் தெ போல் சபைக் கன்னியர் பணிபுரிந்த கார்வில் தொழுநோய் வைத்தியசாலையில், 1941ல் சல்ஃபோன் வகை மருந்து முதன்முதலாகப் பலன் காட்டியது. தென்னிந்தியாவில் செங்கல்பட்டிலும், பின்னர் நைஜீரியாவிலும் பிரெஞ்சுக் கயானாவிலும் வைத்தியர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த மலிவான டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தனர். வாயால் விழுங்கும் சிறு மாத்திரையே போதும் என்று தெரியவந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாற்ற முடியாததெனப்பட்ட நோய்க்கு வந்த மாத்திரை, எல்லா மருந்துகளிலும் மலிவானவற்றுள் ஒன்றாக அமைந்தது.

இங்கேதான் ஃபொலெரோவின் தருமம் பொருளாதாரமாக மாறியது. தொழுநோய் ஆளைக் கொல்வது அரிது. அது நரம்பைக் கெடுக்கும், கை உணர்விழக்கும். மண்வெட்டி பிடிப்பவனின் உள்ளங்கை புண்ணாவது அவனுக்கே தெரியாது. முதலில் விரல் போகும், பிறகு தொழில் போகும், பிறகு குடும்பம் கைவிடும். நோய் தொடக்கத்திலேயே மருந்து பெற்றவனோ தன் வயலிலேயே நின்று உழைப்பான், ஒருவரிடமும் கையேந்தான். ஆகவே நோயாளரைத் தனித்து அடைத்து வைத்துச் சோறு போடுவதைவிட, கிராமம் கிராமமாக மாத்திரை கொண்டுபோவது பல மடங்கு இலாபம். தேவைப்பட்டவை மாத்திரையும், அதைக் கொண்டுசெல்லச் சைக்கிளும், பயிற்றப்பட்ட தாதியருமே. உலகத்துத் தொழுநோயாளர் அனைவருக்கும் இதைச் செய்ய என்ன செலவாகும் என்று ஃபொலெரோ கணக்குப் பார்த்தார். இரண்டு குண்டுவீச்சு விமானங்களின் விலை வந்தது.

1954ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் சோவியத் பிரதமர் மாலென்கோவுக்கும் கடிதங்கள் போயின. ஆளுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைவதால் வல்லரசுகளின் பலச் சமநிலை சிறிதும் மாறாது என்று அவர் எடுத்துக் காட்டினார். இதனைக் கேலிக் கடிதம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏனெனில் இதே கணக்கை ஐசன்ஹோவர் தாமே முந்திய ஆண்டில் செய்திருந்தார். 1953 ஏப்ரல் 16ம் திகதி வாஷிங்டனில் ஆற்றிய உரையில், ஒரு நவீன கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலைக்கு முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஆளுக்கொரு பாடசாலை கட்டலாம், அல்லது அறுபதினாயிரம் பேருள்ள நகரங்களுக்கு மின்சாரம் தரும் நிலையங்கள் இரண்டு அமைக்கலாம், அல்லது நல்ல வைத்தியசாலைகள் இரண்டு எழுப்பலாம் என்று அந்தப் பழைய போர்த் தளபதி விளக்கியிருந்தார். விலைப்பட்டியலைப் போட்டுக் காட்டியவரிடம்தான் ஃபொலெரோ ஒரேயொரு பொருளைக் கேட்டார்.

பதில் வரவில்லை. விமானமும் வரவில்லை.

ஆனால் அவர் மட்டுந்தான் அந்நாட்களில் இப்படிச் சிந்தித்தார் என்றும் சொல்ல முடியாது. 1955ம் ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் நான்கு வல்லரசுகளின் தலைவர்கள் கூடியபோது, பிரெஞ்சுப் பிரதமர் எட்கார் ஃபோர், எல்லா நாடுகளும் இராணுவச் செலவைக் குறைத்து, மீதமாவதை வறிய நாடுகளின் அபிவிருத்திக்கென ஒரு சர்வதேச நிதியில் இடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அதுவும் கடதாசியிலேயே நின்றுவிட்டது. தலைவர்கள் ஒருவரையொருவர் நம்பினாலன்றோ ஒருவர் செலவை மற்றவர் எண்ணிப் பார்க்க விடுவார்?

தலைவர்களை விட்டு ஃபொலெரோ இளைஞரிடம் போனார். 1964ல், பழைய ஒரு நாள் போர்ச் செலவுக் கோரிக்கையை மீண்டும் எடுத்தார். இம்முறை ஒவ்வோராண்டும் ஒரு நாள் இராணுவச் செலவை எல்லா நாடுகளும் பசிக்கும் பிணிக்கும் எதிராகத் தரவேண்டும் என்று, ஐ.நா. செயலாளர் நாயகம் ஊ தாண்டுக்கு அஞ்சலட்டை அனுப்பும்படி இளைஞரைக் கேட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கில் அட்டைகள் போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில், நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த பாப்பரசர் 6ம் சின்னப்பர், இராணுவச் செலவின் ஒரு பகுதியை வறியோருக்கான உலக நிதியாக்கும்படி எல்லா அரசுகளையும் வேண்டினார். 1970ல் எம் நாட்டுக்கும் வருகை தந்த அதே பாப்பரசர்தான் 1967ல் வெளியிட்ட மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் இவ்வேண்டுகோளை மறுபடியும் வற்புறுத்தினார். 1969 டிசம்பரில் ஃபொலெரோவின் யோசனை ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமொன்றிலும் இடம்பிடித்தது. தீர்மானம் நிறைவேறியது, பணம் வரவில்லை.

அவர் கண்ட கணக்கில் குறையே இல்லையென நாம் வாதாடப் போவதில்லை. 1960களிலேயே டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. இரண்டு விமானங்களும் கிடைத்திருந்தால்கூட அந்த மாத்திரையால் மட்டும் நோய் முற்றாக ஒழிந்திராது. இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ஆயுதத்தில் மிச்சம் பிடித்தால் அது ஏழையிடம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. பனிப்போர் ஓய்ந்த 1990களில் உலகின் இராணுவச் செலவு மூன்றிலொரு பங்களவு குறைந்தது. அதே ஆண்டுகளில் பணக்கார நாடுகள் வறிய நாடுகளுக்குத் தந்த உதவியும் குறைந்தது. பீரங்கிக்குப் போகாத பணம் வரிக்குறைப்புக்கும் கடன் அடைப்புக்கும் போயிற்று. மிச்சம் பிடிக்கும் கையும் கொடுக்கும் கையும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்பதனாற் போலும், ஃபொலெரோ ஆயுதத்தைக் குறையுங்கள் என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன விமானத்தின் விலையை இன்ன மாத்திரைக்குத் தாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். 1987ல் ஆயுதக்குறைப்பும் அபிவிருத்தியும் பற்றி நியூயோர்க்கில் ஐ.நா. கூட்டிய மாநாடு பல வாரம் பேசியும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அமெரிக்கா அதற்கு வரவேயில்லை.

விமானம் தராத உலகில் சில்லறை சேர்ந்தது. தொழுநோய் தினத்தன்று பல நாடுகளில் மக்கள் போட்ட காசிலிருந்து சங்கங்கள் பிறந்தன. இத்தாலியிலும் ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் இருந்தவை 1966ல் பிரெஞ்சுக்காரரோடு கூடி ஒரு கூட்டமைப்பாயின. அவர்கள் பணத்தில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வைத்தியசாலைகளும் ஆராய்ச்சிகளும் நடந்தன. 1981ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. 1995 முதல் அந்த மருந்து உலகெங்கும் நோயாளருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் ஜப்பானிய அறநிலையமொன்றும் பின்னர் ஒரு மருந்துக் கம்பனியும் செலவை ஏற்றன. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதுவரை குணமடைந்துள்ளனர். எம் நாட்டிலும் 1995ல் நோய் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. ஆனாலும் புதிய நோயாளர் இன்னும் காணப்படுகின்றனர்.

ஆக, செலவு அவர் சொன்னதுபோலச் சிறியதாகவே இருந்தது. ஒரு அறநிலையத்தால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் அவர் கடிதம் எழுதிய ஆண்டிலிருந்து இலவச மருந்து வந்த ஆண்டுவரை நாற்பத்தொரு வருடங்கள். அந்த நாற்பத்தொரு வருடங்களில் விரலிழந்தவர்கள் யார், பார்வையிழந்தவர்கள் யார் என்பதற்குக் கணக்கில்லை. 2024ம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்ட தொகைக்கோ கணக்குண்டு. 2,71,800 கோடி டொலர். ஃபொலெரோவின் கணக்குப்படி ஒரு நாளுக்குப் பிரித்தால் 740 கோடி டொலருக்குச் சற்று மேல். போரின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்களல்லர் எமது மக்கள். இந்த எண்களை அவர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள்.

முப்பத்திரண்டு முறை உலகைச் சுற்றினார் என்று சொல்லப்படும் அந்த மனிதர் 1977ம் ஆண்டு டிசம்பர் 6ம் திகதி பாரிஸ் நகரில் காலமானார். சொத்தென்று விட்டுப்போக அவரிடம் அதிகம் இருக்கவில்லை. தம் மரணசாசனத்தில், தாம் செய்ய நினைத்தும் முடிக்காமற்போன அனைத்தையும் உலக இளைஞருக்கு உரிமையாக எழுதி வைத்தார். அட்சோபே ஊர் இன்றும் இருக்கிறது. அங்கே இப்போது தொழுநோயாளரோடு, புரூலி என்னும் கொடிய தோற்புண் கண்ட ஏழைப் பிள்ளைகளும் வந்து மருந்து பெறுகிறார்கள்.